அப்பாவின் பணம், மகளின் குரல்: எந்தக் கதவைத் தட்டுவது?

வாசகி எழுதியது:

வணக்கம் அக்கா. நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது, கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம் வங்கியிலிருந்து என்று சொல்லி அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. அப்புறம் வங்கிகளைக் கண்காணிக்கும் நாணய ஆணையத்தின் அதிகாரி என்று ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவில் வந்திருக்கிறார், பின்னால் முத்திரை எல்லாம் தெரிந்ததாம். அப்பாவுக்கு ஆங்கிலம் தடுமாறியதும் தமிழ் பேசும் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, "உங்கள் கணக்கு விசாரணையில் இருக்கிறது, பணத்தைப் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்றிருக்கிறார்கள். 23,000 வெள்ளி போய்விட்டது. போலிஸ் புகார் கொடுத்துவிட்டோம். அவரே அனுப்பியதால் இழப்பீடு கிடையாது என்று வங்கி சொல்கிறது. அப்பாவோ இன்னும் 6,000 கட்டினால் எல்லாம் திரும்பி வரும் என்று எங்களுக்குத் தெரியாமல் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நடுவில் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளின் குரலை ஏதோ செயலியில் போட்டு, அவள் தன் மலாய்த் தோழியின் மதத்தைக் கேவலமாகப் பேசுவதுபோல ஒரு ஒலிப்பதிவு செய்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ விட்டிருக்கிறார்கள். அது வேறு குழுக்களுக்கும் போய்விட்டது. அவள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாள். செயற்கை நுண்ணறிவுக்கு ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறதாமே, இங்கே ஏன் இல்லை? ஆஸ்திரேலியா மாதிரி பிள்ளைகளை இதிலிருந்து விலக்கிவிட்டால் என்ன? யாரிடம் போவது என்றே தெரியவில்லை.

என் பதில்:

வணக்கம் தங்கச்சி. அப்பாவின் விஷயத்தை முதலில் எடுக்கிறேன். போன 23,000-ஐவிட இன்னும் போகாமல் இருக்கும் அந்த 6,000 தான் இன்றைக்கு அவசரம்.

2025 ஜூலை 1 முதல் இங்கே மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டம் என்று ஒன்று நடப்பில் இருக்கிறது. உங்கள் அப்பா மாதிரி, யார் சொன்னாலும் கேட்காமல் மோசடிக்காரனை நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரை மனத்தில் வைத்தே எழுதிய சட்டம் அது. அதற்கு முன்பு போலிஸ் வீட்டுக்கே வந்து பேசலாம், கெஞ்சலாம், ஆனால் அவர் பணம், அவர் இஷ்டம் என்பதால் நிறுத்த முடியாது. இப்போது, ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று நியாயமாக நம்ப இடமிருந்தால், அவருடைய கணக்கிலிருந்து பணம் வெளியே போவதைக் கட்டுப்படுத்தும்படி போலிஸ் வங்கிகளுக்கு உத்தரவு போடலாம். ஒரு உத்தரவு அதிகபட்சம் 30 நாள், தேவைப்பட்டால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம். வேறு எதற்கும் அவர் மசியவில்லை என்றால் மட்டும் கையில் எடுக்கும் கடைசி வழி அது. அன்றாடச் செலவுக்கு வேண்டிய பணத்தை எடுக்க அனுமதி கேட்கலாம், உத்தரவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

ஆகவே நீங்கள் ஏற்கெனவே கொடுத்த புகாரின் எண்ணை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போய், "அப்பா இன்னும் நம்புகிறார், மறுபடி அனுப்பப் பார்க்கிறார்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். புகாரில் பழைய 23,000 மட்டும் எழுதியிருந்தால், வரப்போகும் 6,000 பற்றி அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அப்பாவின் கைப்பேசியில் அந்த ஆட்களோடு நடந்த உரையாடலை அழிக்க வேண்டாம், அழிக்கச் சொல்லவும் வேண்டாம்.

தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவென்றால், வீட்டில் அவமானப்பட்ட பெரியவர்தான் இரண்டாவது முறையும் பணம் அனுப்புகிறார். விட்டதை எப்படியாவது மீட்டு, பிள்ளைகள் முன்னால் தலைநிமிர வேண்டும் என்று நினைக்கிறார். அந்த நினைப்பைத்தான் மறுமுனையில் இருப்பவன் காசாக்குகிறான். தமிழ் பேசும் ஆளைச் சேர்த்துக்கொண்டதும் அதற்காகத்தான். ஒரு நாள் முழுக்க யாரிடமும் தமிழில் நாலு வார்த்தை பேச வாய்க்காத ஒரு மனிதரிடம், "ஐயா, கவலைப்படாதீங்க" என்று ஒரு குரல் மரியாதையாகப் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரோடு உட்கார்ந்து, அவர் முன்னாலேயே 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்கு அழைத்து, அவரையே கேட்கச் சொல்லுங்கள். மகள் சொல்லிக் கேட்காதவர் வெளியாள் சொன்னால் கேட்பது நம் வீடுகளில் உண்டு.

சரி, வங்கி ஏன் கையை விரித்தது?

2021 டிசம்பரில் ஓசிபிசி வாடிக்கையாளர்களுக்கு அந்த வங்கியின் பெயரிலேயே போலிக் குறுஞ்செய்திகள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். உண்மையான வங்கிச் செய்திகள் வரும் அதே வரிசையில் போலியும் போய் உட்கார்ந்துகொண்டது. 790 பேர், மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி. அந்த முறை வங்கி நல்லெண்ண அடிப்படையில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வங்கியின் நல்லெண்ணத்தை நம்பி இருக்க முடியாது அல்லவா, அதனால் பல ஆண்டு ஆலோசனைக்குப் பிறகு 2024 டிசம்பர் 16 முதல் பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு என்று ஒன்று வந்தது. நாணய ஆணையமும், தொலைத்தொடர்பையும் ஊடகத்தையும் கவனிக்கும் ஐஎம்டிஏவும் சேர்ந்து போட்டது.

அதன் கணக்கு இப்படி. போலி இணைப்பைத் தட்டி உங்கள் விவரங்களைத் திருடி, உங்களுக்குத் தெரியாமல் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றால், முதலில் வங்கி தன் கடமைகளைச் செய்ததா என்று பார்ப்பார்கள். புதுக் கருவியில் மின்னிலக்கப் பாதுகாப்பு டோக்கனை இயக்கினால் 12 மணி நேரம் புதிய பெறுநரைச் சேர்ப்பது, வரம்பை உயர்த்துவது போன்ற ஆபத்தான நடவடிக்கைகளை விடாமல் வைத்ததா, உடனுக்குடன் எச்சரிக்கை அனுப்பியதா, 24 மணி நேரமும் புகார் செய்யவும் கணக்கை நீங்களே முடக்கவும் வழி வைத்திருந்ததா, 50,000 வெள்ளிக்குக் குறையாத கணக்கில் பாதிக்கு மேல் கடகடவென்று வெளியேறும்போது கவனித்து நிறுத்தியதா. இதில் ஒன்றில் தவறினாலும் முழு இழப்பும் வங்கி தலையில். வங்கி சரியாகச் செய்து தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் அந்த நிறுவனம் கொடுக்க வேண்டும். இருவருமே சரி என்றால் இழப்பு வாடிக்கையாளருடையது.

உங்கள் அப்பா எங்கே விடுபட்டுப் போகிறார் என்று இப்போது தெரிகிறதா? அவரை ஏமாற்றி அவர் கையாலேயே அனுப்ப வைத்தார்கள். அவர் அனுமதித்த பரிவர்த்தனை என்று அது கணக்கில் சேர்கிறது. அந்த வகை மோசடி கட்டமைப்புக்கு வெளியே இருக்கிறது.

இது எனக்கு ஒப்பவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அனுப்பிய பணத்துக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு கட்ட வேண்டும், அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. அப்படிச் செய்தால் மக்கள் கவனக்குறைவாகிவிடுவார்கள் என்பதுதான் இங்கே சொல்லப்படும் மறுப்பு. இளைஞர்களைப் பற்றி அது ஓரளவு சரியாக இருக்கலாம். 72 வயதில், ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு இரவு தூங்காமல் கிடக்கும் ஒருவர் அடுத்த முறை ஈடு கிடைக்கும் என்ற தைரியத்தில் ஏமாறுவார் என்பதை என்னால் ஏற்க முடியாது. 2024-ல் மட்டும் சிங்கப்பூரர்கள் மோசடியில் இழந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அதில் பெரும்பாலான சம்பவங்களில் பாதிக்கப்பட்டவர்களே பணத்தை மாற்றினார்கள் என்று போலிசே சொல்கிறது. பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே பாதுகாப்பு இல்லை என்றால் அந்தக் கட்டமைப்பு பாதி வேலைதான் செய்திருக்கிறது. அதே நேரத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பிரிட்டனின் ஏற்பாட்டில் சுமை வங்கிகள் மேல்தான், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிலேயே இல்லை. அவர்களையும் பொறுப்பாக்கியதில் சிங்கப்பூர் ஒரு படி முன்னால் இருக்கிறது.

இருந்தாலும் வங்கிக்கு எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். புதிய பெறுநரை எப்போது சேர்த்தார், எச்சரிக்கை எந்த நிமிடம் எந்த எண்ணுக்குப் போனது, வரம்பு உயர்த்தப்பட்டதா, நீங்கள் முதல் முறை அழைத்த பிறகு என்ன செய்தார்கள். பதில் திருப்தி இல்லையென்றால் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம், அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. பெரிய நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் கேட்காமல் விட்டால் வாய்ப்பு பூஜ்யம்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். 2025 மார்ச்சில் இங்கே ஒரு நிறுவனத்தின் நிதி இயக்குநரை ஸூம் கூட்டத்துக்கு அழைத்தார்கள். திரையில் தெரிந்த மேலதிகாரிகள் எல்லாம் டீப்ஃபேக், அதாவது செயற்கை நுண்ணறிவால் செய்த போலி உருவமும் குரலும். அவர் 4,99,000 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்பிவிட்டார். அடுத்து இன்னும் பெரிய தொகை கேட்டபோதுதான் சந்தேகம் வந்து வங்கியிடம் சொல்ல, சிங்கப்பூர் போலிசும் ஹாங்காங் போலிசும் சேர்ந்து அந்தப் பணத்தைத் தடுத்து மீட்டார்கள். நிதி இயக்குநரே ஏமாந்தார் என்பதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவருக்கு அது ஆறுதலாக இருக்கும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி: ஐரோப்பா மாதிரி செயற்கை நுண்ணறிவுக்கு இங்கே ஏன் சட்டம் இல்லை? கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, நீங்கள் "செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் உண்டா" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறீர்கள். சிங்கப்பூரில் சட்டம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை. தீங்கு எந்த வழியாக வந்தது, அந்த வழியில் யார் நினைத்தால் நிறுத்தியிருக்க முடியும், அந்த ஆளை இந்த நாட்டுச் சட்டம் எட்ட முடியுமா, இவைதான் கேள்விகள். இதைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தானாகத் தெரியும்.

தொலைத்தொடர்பு நிறுவனத்தை எட்டுவது சுலபம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா எல்லாமே ஐஎம்டிஏ உரிமத்தில் ஓடுகின்றன. அலைவரிசை இங்கே, கோபுரம் இங்கே, வாடிக்கையாளர் இங்கே. ஆகவே 2023 ஜனவரி 31 முதல், பெயர் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் எந்த அமைப்பும் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சொன்னதும் அது நடந்தது. பதிவில்லாத பெயர்கள் மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடு வரத் தொடங்கின. 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகள் அனேகமாக எல்லாமே gov.sg என்ற ஒரே பெயரில் அனுப்ப ஆரம்பித்தன. வெளிநாட்டு அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி வருவதும் இதே உரிமத்தின் பலத்தில்தான்.

மோசடிக்காரர்கள் என்ன செய்தார்கள்? குறுஞ்செய்தியை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனார்கள். உங்கள் அப்பாவுக்கு முதல் அழைப்பு எப்படி வந்திருந்தாலும், பணத்தைப் பிடுங்கிய வேலை வாட்ஸ்அப் வீடியோவில் நடந்திருக்கிறது. அங்கே தொலைத்தொடர்பு நிறுவனம் வெறும் குழாய், உள்ளே என்ன போகிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளை நடத்தும் நிறுவனங்களின் தலைமையகம் இங்கே இல்லை, இங்கே கோபுரம் நட உரிமம் கேட்டு வந்தவர்களும் இல்லை.

அந்த இடைவெளிக்காகத்தான் 2023-ல் இணையக் குற்றத் தீங்குகள் சட்டம் வந்தது. 2025 செப்டம்பரில் முதல்முறையாக அதன்கீழ் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு உத்தரவு போனது: அரசாங்கத் தலைவர்களைப் போல ஆள்மாறாட்டம் செய்யும் ஃபேஸ்புக் விளம்பரங்களையும் கணக்குகளையும் பக்கங்களையும் தடுக்க வழிசெய்யுங்கள், இல்லாவிட்டால் 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம். நவம்பரில் ஆப்பிளுக்கும் கூகிளுக்கும் போனது, ஏனென்றால் குறுஞ்செய்திப் பதிவேடு அவர்களுடைய ஐமெசேஜையும் கூகிள் மெசேஜஸையும் தொடவில்லை, அரசாங்கத்தின் பெயரில் போலிகள் அந்த வழியாக உள்ளே வர முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஓட்டை தெரிந்த பிறகுதான் அடைப்பு வருகிறது என்று நீங்கள் கோபப்படலாம், நானும் கோபப்படுகிறேன். அந்த நிறுவனங்களின் வருமானத்தோடு ஒப்பிட்டால் 1 மில்லியன் வெள்ளி ஒன்றுமே இல்லை என்பதும் உண்மை. ஐரோப்பாவின் மின்னிலக்கச் சேவைகள் சட்டம் உலக வருவாயில் 6 விழுக்காடு வரை போகிறது, பிரிட்டனின் சட்டம் 10 விழுக்காடு வரை. நம் அபராதமும் அந்த வகைக்கு மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, இது உங்களுக்காக மட்டும் இல்லை. மோசடிக்காரன் உள்ளூர் எண்ணிலிருந்து அழைக்க வேண்டுமென்றால் இங்கே யாரோ ஒருவர் தன் பெயரில் சிம் அட்டை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அப்படிக் கைமாற்றுவது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. தொழிலாளர் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகளிடம், "ஊருக்குத்தானே போகிறாய், சிம்மையும் வங்கி அட்டையையும் கொடுத்துவிட்டுப் போ, நூறு வெள்ளி தருகிறேன்" என்று யாராவது கேட்டால் சிக்கப்போவது அந்தத் தம்பிதான். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பதும் அதேபோல. உங்களுக்குத் தெரிந்த யாராவது விடுதியில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடப்புக்கு வந்தது, கட்டம் கட்டமாக அமலாகிறது. ஆபத்தின் அளவைப் பொறுத்து பயன்பாடுகளைப் பிரிக்கிறது. மனிதர்களுக்கு நடத்தை மதிப்பெண் போடுவது, பள்ளியிலும் வேலையிடத்திலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பது போன்றவை 2025 பிப்ரவரி முதல் தடை. ஆள் எடுப்பது, கடன் கொடுப்பது போன்றவற்றுக்குக் கடும் விதிகள். டீப்ஃபேக் என்றால் அப்படி என்று குறிப்பிட வேண்டும். வேலை விண்ணப்பத்தை இயந்திரம் காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்தச் சட்டம் இங்கே இல்லையே என்று நானும் சேர்ந்து வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் உங்கள் அப்பாவை ஏமாற்றியவன் திரையின் ஓரத்தில் "இது செயற்கையாக உருவாக்கப்பட்டது" என்று எழுதிவிட்டா பேசுவான்?

சிங்கப்பூர் 2019-ல் செயற்கை நுண்ணறிவை நிர்வகிப்பதற்கான மாதிரிக் கட்டமைப்பு, 2022-ல் ஏஐ வெரிஃபை என்ற சோதனைக் கருவி, 2024-ல் எழுத்து, படம், குரலைப் புதிதாக உருவாக்கும் ஆக்கமுறை நுண்ணறிவுக்கு இன்னொரு கட்டமைப்பு என்று வழிகாட்டிகளாகப் போட்டிருக்கிறது. இவை நிறுவனங்கள் விரும்பிப் பின்பற்றுபவை. கட்டாயச் சட்டம் என்று வந்தது குறிப்பிட்ட தீங்குகளுக்குத்தான். 2024 அக்டோபரில் நிறைவேறிய தேர்தல் விளம்பரச் சட்டத் திருத்தம், தேர்தல் காலத்தில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் டீப்ஃபேக்கைத் தடை செய்கிறது. 2025 மே 3 பொதுத்தேர்தலுக்கு முன்பே அது கையில் இருந்தது. பழைய சட்டமே போதும் என்ற வழியும் உண்டு: அமெரிக்காவில் 2024 ஜனவரியில் அதிபர் பைடனின் போலிக் குரலில் வாக்காளர்களுக்கு அழைப்புகள் போனபோது, அடுத்த மாதமே அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம், 1991-ல் எழுதிய தொலைபேசிச் சட்டத்தில் இருந்த "செயற்கைக் குரல்" என்ற சொற்களுக்குள் இதுவும் அடங்கும் என்று அறிவித்துவிட்டது.

எனக்கு இதில் ஒரே ஒரு பெரிய குறை. குரலை நகலெடுக்கும் செயலியை விற்பவனிடம், "இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சம்மதித்தாரா என்று பார்த்தாயா" என்று கட்டாயமாகக் கேட்கும் விதி இங்கே இல்லை. உங்கள் மகளின் சில விநாடிக் குரலை யாரோ ஏற்றியதும் மறுபேச்சில்லாமல் அவளை எதையும் பேசவைக்க ஒரு கருவியால் முடிந்தது என்றால், அந்தக் கருவியைச் செய்தவனுக்கும் பொறுப்பு உண்டு. தேர்தலில் நிற்பவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பில் ஒரு பங்காவது உயர்நிலை மூன்று மாணவிக்கும் கிடைக்க வேண்டும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒலிப்பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள், "இது பொய்" என்று சொல்வதற்காகக்கூட. எந்தக் குழு, எந்த எண், எந்த நேரம் என்று தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். அவள் குழுவில் பதில் எழுத வேண்டாம், கோபத்தில் எழுதும் ஒரு வரி பின்னால் அவளுக்கு எதிராகத் திரும்பும்.

பிறகு போலிஸ். வகுப்புச் சண்டைக்குப் போலிஸா என்று தயங்காதீர்கள். மதத்தைப் புண்படுத்தும் பேச்சு இந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை, அந்தப் பதிவு யாரிடமாவது போய், அவர் உங்கள் மகள்மேல் புகார் கொடுத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அது அவள் குரல் இல்லை, செய்யப்பட்டது என்பது உங்கள் வாயிலிருந்து முதலில் பதிவாக வேண்டும். அதே நாளில் பள்ளி முதல்வரையும் பாருங்கள், முடிந்தால் அந்த மலாய்த் தோழியின் பெற்றோரையும் நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை அழுதுகொண்டுதான் இருக்கும்.

ஐஎம்டிஏவின் இணையப் பாதுகாப்பு நடைமுறை விதித்தொகுப்பு 2023 ஜூலையிலிருந்து இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப், எக்ஸ், ஹார்ட்வேர்ஸோன் என்ற ஆறு தளங்களுக்கு. வாட்ஸ்அப் அதில் இல்லை. பதிவு அந்த ஆறில் எதிலாவது ஏறியிருந்தால் அங்கே உடனே புகார் செய்யுங்கள்.

உங்களுக்கு இப்போதே உதவக்கூடிய சட்டம் 2014-ன் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம். ஒருவரைப் பற்றிய பொய்யான கூற்றைப் பரப்புவதை நிறுத்தவும், திருத்தம் வெளியிடவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். கூற்று என்பதில் எழுத்து மட்டுமின்றி ஒலியும் படமும் அடங்கும், ஆகவே போலிக் குரல்பதிவு வெளியே நிற்காது. இதற்கென்றே 2021 ஜூனிலிருந்து துன்புறுத்தல் பாதுகாப்பு நீதிமன்றம் ஒன்று இயங்குகிறது, அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

2025 நவம்பரில் நிறைவேறிய இணையப் பாதுகாப்பு நிவாரண, பொறுப்புடைமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீதிமன்றம் போகாமலே, புதிய இணையப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்தால் அது பதிவிட்டவருக்கும், குழு நிர்வாகிக்கும், தளத்துக்கும் நேரடியாக உத்தரவு போடலாம், முகம் மறைத்தவரின் அடையாள விவரத்தைத் தளத்திடம் கேட்டு வாங்கலாம். 2026-ன் முதல் பாதியில் ஆணையம் செயல்படத் தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். சட்டத்தில் 13 வகைத் தீங்குகள் உண்டு. போலியாக உருவாக்கிய உள்ளடக்கமும் ஆள்மாறாட்டமும் அதில் இருக்கின்றன, ஆனால் முதல் கட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன ஐந்தில் அவை இல்லை. இணையத் துன்புறுத்தல் அந்த ஐந்தில் இருக்கிறது. ஆகவே ஆணையத்திடம் போகும்போது "போலிக் குரல்" என்பதோடு நிறுத்தாமல், அதை வைத்து அவளை எப்படிக் கேலி செய்தார்கள், மிரட்டினார்கள், திரும்பத் திரும்ப அனுப்பினார்கள் என்பதையெல்லாம் துன்புறுத்தலாக எழுதுங்கள். பெரும்பாலான புகார்களில் முதலில் தளத்திடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், அதனால் வாட்ஸ்அப்பில் இன்றைக்கே புகார் செய்து அதன் சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையத்துக்காகக் காத்திருந்து மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

செய்தது ஒரு வகுப்புத் தோழன் அல்லது தோழி என்று தெரியவந்தால், அந்தப் பிள்ளையை நீதிமன்றம்வரை இழுப்பதற்கு முன்னால் பள்ளி மூலமாக ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள். 15 வயதில் கையில் அப்படி ஒரு கருவியைக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையை மட்டும் தண்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வகுப்பின் முன்னால் உண்மையைச் சொல்லவேண்டும், எல்லாக் குழுக்களிலும் திருத்தம் போட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

போனைப் பிடுங்கிப் பிள்ளைகளை விலக்கிவைப்பது பற்றி: ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் குறிப்பிட்ட சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது, தவறும் நிறுவனத்துக்கு 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அங்கேயும் வாட்ஸ்அப் அந்தத் தடைக்குள் இல்லை. இங்கே 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசி கூடாது என்பது விதி, எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இன்றைய நிலையில் உங்கள் மகளிடமிருந்து கைப்பேசியை வாங்கிவிட்டால், தவறு செய்தவள் தான்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவள் பக்கம் நிற்கும் நாலு தோழிகளும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறார்கள். குழு அறிவிப்புகளை மட்டும் சில வாரம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், பள்ளி ஆலோசகரிடம் ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அப்பாவின் கைப்பேசி. தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சொல்லி வெளிநாட்டு அழைப்புகளைத் தடுத்துவிடலாம், கட்டணம் இல்லை. ஊரிலிருந்து அத்தை அழைப்பது வாட்ஸ்அப்பில்தான் என்றால் அதற்குப் பாதிப்பு வராது. மோசடி அழைப்புகளைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு செயலியை ஏற்றுங்கள். வாட்ஸ்அப் அமைப்பில் தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காமல் இருக்கும்படி மாற்றுங்கள். வங்கியில் சேமிப்பின் பெரும்பகுதியைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது, 2023 நவம்பரிலிருந்து பெரிய வங்கிகள் கொடுக்கின்றன, பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாரும் எடுக்க முடியாது, அவரேகூட. அதை நீங்கள் செய்யாமல், கிளைக்குக் கூட்டிப்போய் அவர் கையாலேயே செய்ய விடுங்கள். போகும்போது வங்கிக்கு எழுதிய கேள்விக் கடிதத்தின் நகலையும் எடுத்துப்போய், பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.